கிழக்கு ரோமை மாற்றி எழுதுவது எப்படி? 602-ஐ வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சம்பவம் வேறு மாதிரி நடந்திருந்தால் என்று கற்பனை செய்யும் மாற்று வரலாறு எழுத ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் வரைபடத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஸ்பெயின் முதல் யூப்ரடீஸ் வரை ஒரே நிறத்தைப் பூசிவிட்டு, அதற்கான காரணத்தைப் பிறகு தேடுகிறார்கள். அப்படிப் பிறந்த கற்பனை சீக்கிரமே நின்றுவிடும். இவ்வளவு நீண்ட எல்லையைக் காக்கும் வீரனுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள், தலைநகரத்துக்கு ரொட்டி எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்டால் அதில் பதில் இருக்காது.

இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றிப்போடுகிறேன். முதலில் சம்பளமும் தானியமும், அப்புறம் மனிதர்கள், கடைசியில் வரைபடம். உதாரணத்துக்கு 602-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். ரோமாபுரி விழுந்த 476, கிழக்கு ரோமின் (பைசாந்தியப் பேரரசின்) தலைநகரமான கான்ஸ்டான்டினோபிள் விழுந்த 1453 ஆகியவை எல்லோருக்கும் தெரியும். படை கலகம் செய்து பேரரசர் மாரிஸைக் கவிழ்த்த 602 பலருக்குத் தெரியாது. ஆனால் கிழக்கு ரோமின் கதையில் இதைவிட வளமான திருப்புமுனை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

படி 1: ஆசைப்பட்ட ஆண்டைச் சோதித்துப் பாருங்கள்

புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் 1453-ஐத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மதின் பீரங்கிகள் மதிலை உடைக்கவில்லை, நகரம் பிழைத்தது என்று தொடங்குவார்கள். சரி, பிழைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன?

இந்தக் கேள்விக்கு வரலாறே பதில் சொல்லியிருக்கிறது. 1394 முதல் நகரத்தை முற்றுகையிட்டுக்கொண்டிருந்த சுல்தான் பாயசித், 1402-இல் அங்காரா போரில் தைமூரிடம் தோற்றுச் சிறைப்பட்டார். நகரம் தப்பியது. 1422-இல் இரண்டாம் முராத் முற்றுகையிட்டு, உள்நாட்டுக் கலகத்தால் திரும்பிப் போனார். நகரம் மறுபடி தப்பியது. இரண்டு முறை தப்பியும் பேரரசு எழுந்து நிற்கவில்லை. 1453-இல் பேரரசிடம் மிஞ்சியிருந்தது தலைநகரமும் அதைச் சுற்றிய சில இடங்களும் தெற்கு கிரீஸில் மோரியாவும்தான். வரி கட்ட ஊர்கள் இல்லாத அரசுக்கு மூன்றாவது முறை தப்பினாலும் பெரிய எதிர்காலம் கிடையாது.

எனவே எந்த ஆண்டை எடுத்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: இதே மாதிரியான அதிர்ஷ்டம் இதற்கு முன் வாய்த்திருக்கிறதா? வாய்த்தபோது என்ன நடந்தது?

படி 2: போர்க்களத்தைத் தாண்டித் தேடுங்கள்

நல்ல திருப்புமுனை என்றால், அந்தக் காலத்து மனிதர் ஒருவர் உண்மையாகவே வேறு மாதிரி முடிவெடுத்திருக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மாற்றம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். அதன் விளைவு களத்தோடு நின்றுவிடாமல் கருவூலம் வரை போக வேண்டும்.

1071 மன்சிகெர்ட் போரை இந்தக் கண்ணோடு பாருங்கள். பேரரசர் நான்காம் ரோமானோஸ் தோற்றுச் சிறைப்பட்டார் என்பது உண்மை. ஆனால் செல்ஜுக் சுல்தான் அல்ப் அர்ஸ்லான் சில நாட்களிலேயே அவரை விடுவித்துவிட்டார். நாடு திரும்பியவரை எதிர்த்து டூக்காஸ் குடும்பம் உள்நாட்டுப் போர் நடத்தி, 1072-இல் அவர் கண்களைக் குருடாக்கியது. அடுத்த பத்தாண்டுகளில் அரியணைக்குப் போட்டியிட்டவர்களே துருக்கியப் படைகளைக் கூலிக்கு அமர்த்தி அனத்தோலிய (இன்றைய ஆசியத் துருக்கி) நகரங்களுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். அனத்தோலியா கைவிட்டுப் போனது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே மன்சிகெர்டில் ரோமானோஸை ஜெயிக்க வைப்பதைவிட, தோற்றுத் திரும்பியவரைத் தலைநகரம் ஏற்றுக்கொண்டது என்று எழுதுவது பல மடங்கு வலுவான கற்பனை.

சிலுவைப் படை தலைநகரைக் கைப்பற்றிய 1204-க்கும் இது பொருந்தும். சிலுவைப் படை மதிலேறிய நாளைவிட, அரியணை ஆசையில் இளவரசர் அலெக்சியோஸ் அவர்களுக்கு 2,00,000 வெள்ளி மார்க் தருவதாக வாக்குக் கொடுத்த நாள்தான் உங்களுக்குப் பயன்படும். அந்தத் தொகை அவரால் கொடுக்கவே முடியாதது.

படி 3: உண்மையில் நடந்ததை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

பேரரசர் மாரிஸ் 582-இல் ஆட்சிக்கு வந்தார். பாரசீகத்தில் பஹ்ராம் சோபின் கலகம் செய்து அரியணையைப் பிடித்தபோது, இளம் மன்னர் இரண்டாம் குஸ்ரு ரோம எல்லைக்குத் தப்பி வந்து அடைக்கலம் கேட்டார். மாரிஸ் படை கொடுத்து 591-இல் அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். பதிலுக்குத் தாரா கோட்டை திரும்ப வந்தது, ஆர்மீனியாவின் பெரும்பகுதி கிடைத்தது, கிழக்கில் அமைதி நிலவியது. அதன் பிறகுதான் அவரால் வடக்கில் டான்யூப் ஆற்றுப் பக்கம் திரும்பி, நாடோடிகளான அவார்களையும் ஸ்லாவியர்களையும் எதிர்க்க முடிந்தது.

அவருடைய பலவீனம் பணம். முந்தைய ஆட்சி கருவூலத்தைத் தாராளமாகச் செலவழித்துவிட்டிருந்தது. 588-இல் வீரர்களின் சம்பளத்தில் கால் பங்கைக் குறைக்கச் சொன்னார், கிழக்குப் படை கலகம் செய்தது. சில ஆண்டுகள் கழித்து அவார்களிடம் சிக்கிய ஆயிரக்கணக்கான கைதிகளை மீட்கப் பணம் தர மறுத்தார், அவர்கள் கொல்லப்பட்டார்கள். படை அதை மறக்கவில்லை.

602 இலையுதிர் காலத்தில், டான்யூபுக்கு வடக்கே எதிரி நிலத்திலேயே குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. தளபதி பேரரசரின் தம்பி பீட்டர். நனைந்து களைத்திருந்த படை மறுத்தது. போக்காஸ் என்ற கீழ்நிலை அதிகாரியைத் தலைவராக்கிக்கொண்டு தலைநகரை நோக்கிக் கிளம்பியது. பஞ்சத்தால் நகரத்து மக்களும் கோபத்தில் இருந்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சமய ஊர்வலத்தில் பேரரசர் மீதே கல் எறிந்திருந்தார்கள். நவம்பரில் நகரத்தில் கலவரம் வெடித்தது. மூட்டுவலியால் நடக்கவே சிரமப்பட்ட மாரிஸ் குடும்பத்தோடு கடல் கடந்து தப்பினார். பிடிபட்டார். நவம்பர் 27-இல், கண்ணெதிரே மகன்கள் ஐவரைக் கொன்ற பிறகு, அவரையும் கொன்றார்கள். மூத்த மகன் தியோடோசியஸும் பிறகு கொல்லப்பட்டார்.

அடுத்து வந்தது பேரழிவு. தன்னை வாழவைத்தவருக்குப் பழிவாங்குவதாகச் சொல்லிக் குஸ்ரு போர் தொடுத்தார். 614-இல் ஜெருசலேம் விழுந்தது, 619-இல் அலெக்சாந்திரியா. 626-இல் அவார்களும் பாரசீகர்களும் கான்ஸ்டான்டினோபிளை இரு கரையிலிருந்தும் நெருக்கினார்கள். 628-இல், போக்காஸுக்குப் பின் பேரரசரான ஹெராக்ளியஸ் வென்றபோது இரு பேரரசுகளுமே நொறுங்கிப் போயிருந்தன. எட்டே ஆண்டுகளில், 636-இல், யர்மூக் போரில் சிரியா அரபுப் படைகளிடம் போனது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 602-ஐப் பற்றி நமக்கு விரிவாகச் சொல்லும் வரலாற்றாசிரியர் தியோஃபிலாக்ட், போக்காஸைக் கவிழ்த்த ஹெராக்ளியஸின் ஆட்சியில் எழுதியவர். போக்காஸைக் கொடூரனாகக் காட்டுவது அந்த அரசவைக்கு வசதியானது. சம்பவங்களை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், குணச்சித்திரத்தை நீங்களே எடைபோடுங்கள்.

படி 4: மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

உடனே தோன்றுவது, மாரிஸ் ஆணையைத் திரும்பப் பெறுவது. சாத்தியம்தான். முன்பு சம்பளத்தில் ஒரு பகுதியை உடையாகவும் ஆயுதமாகவும் தருகிறோம் என்று சொல்லிப் படை கொதித்தபோது, இதே பீட்டர் வேறு சலுகைகளை அறிவித்துச் சமாளித்திருக்கிறார். ஆனால் இந்த மாற்றம் பிரச்சினையைத் தள்ளித்தான் போடும். அடுத்த குளிர்காலத்தில் அதே கலகம் வரும்.

இதைவிட நல்ல வாய்ப்பு அதே சம்பவத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கலகக்காரர்கள் முதலில் போக்காஸைப் பேரரசராக்க நினைக்கவில்லை. இளவரசர் தியோடோசியஸ், இல்லாவிட்டால் அவருடைய மாமனாரும் பெரும் பணக்காரருமான ஜெர்மானஸ் அரியணை ஏறட்டும் என்று வேட்டைக்குப் போயிருந்த இளவரசருக்குக் கடிதம் அனுப்பினார்கள். மாரிஸ் சம்பந்தியைச் சந்தேகித்தார். கைது செய்யப் போக, ஊரே திரண்டது.

என் வாக்கியம் இது: 602 நவம்பரில் தியோடோசியஸ் படையின் கோரிக்கையை ஏற்று, தந்தையை மடம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, ஜெர்மானஸின் பணத்தோடு ஆட்சியைக் கையில் எடுக்கிறார். ஏற்கெனவே இணைப் பேரரசராக முடிசூட்டப்பட்ட இளைஞர், பரம்பரை உரிமை உடையவர், படையே கேட்கிறது. நம்புவதற்குக் கடினமான எதுவும் இதில் இல்லை.

படி 5: கணக்கு நோட்டைத் திறங்கள்

எல்லாத் தொகையையும் சாலிடஸ் தங்க நாணயத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ரோமானியப் பவுண்டு தங்கத்துக்கு 72 சாலிடஸ். இதை ஒருமுறை செய்து பார்த்தால் கண் திறக்கும். 468-இல் வாண்டல்களிடமிருந்து ஆப்பிரிக்காவை மீட்க அனுப்பிய கடற்படைக்கு 1,30,000 பவுண்டு தங்கம் செலவானதாக ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ் சொல்கிறார். அதாவது 93,60,000 சாலிடஸ். மாரிஸ் 598-இல் அவார்களுக்கு ஒப்புக்கொண்ட ஆண்டுத் திறை 1,20,000 சாலிடஸ். கேப் பான் கரையில் தீக்கப்பல்களிடம் பறிகொடுத்த அந்த ஒரு படையெடுப்பின் காசில் 78 ஆண்டுகள் திறை கட்டியிருக்கலாம். கஜானாவுக்கு எது அதிகச் செலவு, எது குறைவு என்ற அளவு இப்படித்தான் மனதில் பதியும்.

அப்புறம் தானியம். ஜஸ்டினியன் காலத்து ஆணை ஒன்று எகிப்திலிருந்து தலைநகருக்கு ஆண்டுதோறும் அனுப்ப வேண்டியது 80 லட்சம் அர்தபா (எகிப்தின் தானிய அளவை) என்கிறது. உண்மை வரலாற்றில் பாரசீகர்கள் எகிப்துக்குள் வந்தபோது, 618-இல் தலைநகரத்தின் இலவச ரொட்டி நின்றுபோனது, நகரம் சுருங்கியது. நம் கற்பனையில் அந்தக் கப்பல்கள் தொடர்ந்து வருகின்றன. ஏழாம் நூற்றாண்டுக் கான்ஸ்டான்டினோபிள் மக்கள் நிறைந்த ஊராகவே இருக்கிறது. உங்கள் கதைக்குள் ஒரு சந்தைக் காட்சி வந்தால் இந்த வேறுபாடு அதில் தெரிய வேண்டும்.

மாறாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 541-இல் வந்த கொள்ளைநோய் அலை அலையாகத் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கும். எகிப்து, சிரியா திருச்சபைகளுக்கும் தலைநகருக்கும் இடையிலான சமயச் சண்டை தீராது. இத்தாலியில் படையெடுத்து வந்த லாம்பார்டுகள் 568 முதலே இருக்கிறார்கள். படைக்குப் புதுப் பேரரசர் தர வேண்டிய பரிசுப் பணம் உடனே காத்திருக்கிறது.

படி 6: வட்டம் வட்டமாக வெளியே போங்கள்

பாரசீகத்திலிருந்து தொடங்குங்கள். குஸ்ரு நன்றிக்கடனால் கடைசிவரை அமைதி காப்பார் என்று எழுதாதீர்கள். ஆர்மீனியாவை விட்டுக்கொடுத்தது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். ஆனால் அவர் கையில் இருந்த பெரிய துருப்புச்சீட்டு பறிபோகிறது. உண்மையில் தியோடோசியஸ் என்று சொல்லிக்கொண்ட ஒருவரைத் தன் படையோடு கூட்டிவந்தார். நம் கதையில் அசல் தியோடோசியஸ் அரியணையில் இருக்கிறார். தாராவின் தளபதியாக இருந்த நார்செஸ், உண்மையில் போக்காஸை எதிர்த்துக் கலகம் செய்து அழிந்தவர், இங்கே எல்லையிலேயே இருக்கிறார். 608 முதல் 610 வரை எகிப்தைக் கிழித்த உள்நாட்டுப் போரும் இல்லை. இவ்வளவு குழப்பத்துக்கு நடுவிலும் பாரசீகர்களுக்கு யூப்ரடீஸைத் தாண்ட 610 வரை ஆனது. குழப்பம் இல்லாவிட்டால் போர் எல்லைக் கோட்டைகளோடு நின்றிருக்கும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பால்கனில் அவசரப்படாதீர்கள். டான்யூப் எல்லை 602-லேயே சரிந்துவிடவில்லை, ஹெராக்ளியஸ் காலத்தில் படைகள் கிழக்கே போன பிறகே முழுதாகக் கரைந்தது என்று இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே நம் கதையில் ஸ்லாவியக் குடியேற்றம் நிற்காது, குறையும். குளிர்கால முகாம் திட்டத்தைக் கைவிட்டதற்கான விலை இங்கேதான் வரும்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் அரேபியா. 602-ஐ மாற்றிவிட்டு, இஸ்லாம் தோன்றவேயில்லை என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் உண்டு. அது சோம்பேறித்தனம், கோடிக்கணக்கான மக்களின் நம்பிக்கையைத் துடைத்துப்போடும் அலட்சியமும்கூட. மக்காவில் 610-இல் தொடங்கியது டான்யூப் கரை முகாமால் வந்ததல்ல. மாறுவது வேறு: 630-களில் வடக்கே வரும் படைகள் எதைச் சந்திக்கின்றன என்பது. சுமார் இருபது ஆண்டு அந்நிய ஆட்சியிலிருந்து அப்போதுதான் மீண்ட சிரியாவையல்ல, இடையறாத நிர்வாகம் உள்ள சிரியாவை.

ஆனால் இங்கே மாரிஸின் பழைய தவறு ஒன்றும் நிற்கிறது. ரோமுக்காகப் பாலைவன எல்லையைக் காத்துவந்த கஸ்ஸானிய அரபுத் தலைவர் அல்-முந்திரைத் துரோகி என்று கைது செய்ய வைத்தவர் அவரே. மறுபக்கம், பாரசீகத்தின் பாலைவன அரணாக இருந்த ஹீராவின் லக்மிய அரபு மன்னர் அல்-நுஃமானைக் குஸ்ரு 602 வாக்கில் ஒழித்தார். அதற்கும் கான்ஸ்டான்டினோபிளுக்கும் சம்பந்தம் இல்லை, எனவே நம் கதையிலும் நடக்கும். இரண்டு கதவும் திறந்தே கிடக்கின்றன. என் கணிப்பில் ஈராக் கதவு முதலில் தள்ளப்படும். ஈராக்கில் வேரூன்றிய ஓர் அரபுப் பேரரசும், சிரியாவையும் எகிப்தையும் இழக்காத ரோமும் அக்கம்பக்கத்தில் வாழும் உலகம் எழுதத் தகுந்தது.

தமிழில் எழுதும்போது ரோமக் கப்பலைக் கொற்கைக்கோ முசிறிக்கோ கொண்டுவரும் ஆசை வரும். அந்த நேரடி வணிகத்தின் பொற்காலம் முதலிரு நூற்றாண்டுகள். ஆறாம் நூற்றாண்டில் இந்தியத் துறைமுகங்களில் பட்டுச் சரக்கைப் பாரசீக வணிகர்களே மொத்தமாக வாங்கிவிடுவதாகப் புரொக்கோப்பியஸ் குறிப்பிடுகிறார். எகிப்து ரோமிடம் இருப்பதால் மட்டும் இது மாறாது.

படி 7: யார் பிறக்கிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு விதி வைத்துக்கொண்டு அதை மீறாமல் இருங்கள். திருப்புமுனைக்கு முன் பிறந்தவர்கள் அப்படியே இருப்பார்கள், சூழ்நிலைதான் மாறும். அதன் பிறகு பேரரசுக்குள் பிறப்பவர்கள் புதியவர்கள். தொலைவில் இருப்பவர்களுக்கு ஒரு தலைமுறை அவகாசம் கொடுக்கலாம்.

இதன்படி ஹெராக்ளியஸ் இருக்கிறார், வயது சுமார் 27. தந்தை கார்த்தேஜில் ஆளுநர். பேரரசராக அவருக்குக் காரணமே இல்லை. திறமையான தளபதியாக யூப்ரடீஸ் கரையில் அவரை வைத்துப் பாருங்கள். தண்ணீரிலும் எரியும் ஆயுதமான கிரேக்கத் தீயைக் கொண்டுவந்த கல்லினிக்கோஸ், அரபு ஆட்சிக்கு வந்த சிரியாவிலிருந்து தப்பி வந்தவராகச் சொல்லப்படுகிறார். சிரியா விழாவிட்டால் அவர் தப்பி ஓட வேண்டியதில்லை. பேரரசின் மிகப் புகழ்பெற்ற ஆயுதம் உங்கள் கதையில் இல்லாமலே போகலாம்.

படி 8: இழப்புகளை நேர்மையாக எழுதுங்கள்

நாம் நேசிக்கும் பைசாந்தியம் இந்தப் பேரழிவில்தான் உருவானது. தோற்றுப் பின்வாங்கிய படைகள் அனத்தோலியாவில் குடியமர்ந்ததிலிருந்தே தேமா எனப்படும் படை மாவட்டங்கள் வந்தன. எகிப்தும் சிரியாவும் போன பிறகே பேரரசு ஒரே மொழி, ஒரே சமயம் என்று இறுகியது. தியோடோசியஸின் ரோமில் அந்த இறுக்கம் இருக்காது. அலெக்சாந்திரியா ஆயர்களோடு சண்டை நீளும், படைக் கட்டளைகளில் இலத்தீன் இன்னும் கொஞ்ச காலம் ஒலிக்கும், படைக்குத் தன்னால் பேரரசரை மாற்ற முடியும் என்று தெரிந்திருக்கும். பெரிய, பணக்கார, சண்டைக்கார நாடு. 717-718 அரபு முற்றுகையைத் தாங்கிய அந்தச் சின்ன நாட்டின் வைராக்கியம் இதற்கு வருமா? எனக்குச் சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தைக் கதையில் வையுங்கள்.

படி 9: எதிராளியின் இடத்திலிருந்து படியுங்கள்

எழுதியதை மூன்று பேராக மாறிப் படியுங்கள்: குஸ்ருவின் அமைச்சர், அவார்களின் அரசர் (ககான்), எகிப்தில் தானிய வரி கட்டும் விவசாயி. ஒவ்வொருவரும் தன் நலனுக்காக முயற்சி எடுக்கிறாரா, ரோமுக்கு வசதியாக உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். தொடர்ந்து இரண்டு முடிவுகள் ஒரே தரப்புக்குச் சாதகமாக இருந்தால், இரண்டாவதை மாற்றி எழுதுங்கள். வரைபடத்தை இதற்குப் பிறகு வரையலாம். 660-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் ஆலோசனை. இரண்டு தலைமுறைக்கு மேல் கணக்கு நோட்டு கைகொடுக்காது.

அடுத்த பயிற்சிக்கு

602 பழகிய பிறகு 1002-ஐ எடுங்கள். ஜெர்மனியை ஆண்ட மேற்குப் பேரரசர் மூன்றாம் ஓட்டோவை மணக்க பைசாந்திய இளவரசி ஒருவர் அந்த ஆண்டு பாரி துறைமுகத்தில் வந்து இறங்கினார். அவர் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசிலின் தம்பி மகள் சோயி என்று பலரும் கருதுகிறார்கள். வந்திறங்கியபோதுதான் மாப்பிள்ளை ஜனவரியிலேயே, 21 வயதில், இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. பசிலுக்குப் பிள்ளை இல்லை, தம்பிக்கு மகள்கள் மட்டும். ஓட்டோ காய்ச்சலிலிருந்து பிழைத்துத் திருமணம் நடந்திருந்தால், 1025-இல் பசில் இறக்கும்போது இரண்டு பேரரசுகளுக்கும் உரிமை கோரும் ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். வாரிசைப் பற்றி எழுதத் தொடங்கும் முன், தெற்கு இத்தாலியின் வரி யாருக்குப் போகும் என்பதை முடிவு செய்துவிடுங்கள்.